அத்தை வாங்காத வாடகை

என் அத்தையின் வீட்டுச் சாவிக்கொத்தில் ஒரு போலீஸ் விசில் தொங்கும். வெள்ளி போன்ற பூச்சு விளிம்புகளில் தேய்ந்து உள்ளே பித்தளை மஞ்சளாகத் தெரியும். அதை நான் முதலில் கவனித்தது, இராஜபாளையத்தில் அவர் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று. அத்தை அப்போது கோவில்பட்டியில் ஏட்டாக இருந்தார். மதியம் பந்தோபஸ்துக்குத் திரும்பியாக வேண்டும் என்று சீருடையிலேயே வந்திருந்தார். பால் பொங்கி, ஆளுக்கொரு டம்ளர் குடித்து முடித்ததும், சட்டைப் பையிலிருந்த விசிலைக் கயிற்றோடு எடுத்தார். புதுச் சாவிகளை அந்தக் கயிற்றிலேயே கோத்து என் சித்தப்பா கையில் கொடுத்தார்.

"ஏலே தம்பி, சாவி தொலஞ்சா விசிலத் தேடு, விசிலு தொலஞ்சா சாவியத் தேடு. ரெண்டும் தொலஞ்சா என் கண்ணுல படாம ஊர விட்டு ஓடிரு."

எல்லோரும் சிரித்தோம். ஜீப்பில் ஏறப்போகும்போது இன்னொன்றும் சொன்னார். "மாசாமாசம் வாடகைய வாங்கி வச்சிரு. நான் லீவுல வாரப்ப வாங்கிக்கிடுதேன்." முதலில் சொன்னதை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் பல வருடம் சொல்லிச் சிரித்தார்கள். இரண்டாவதாகச் சொன்னது ஒருவர் நினைவிலும் தங்கவில்லை. நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள். அதனால் எனக்கு இரண்டும் தெரியும்.

அத்தை என் அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே ராணுவத்தில் இருந்த கணவரை இழந்தார். பிள்ளைகள் இல்லை. வன்னியம்பட்டியில் பிறந்த வீட்டோடு இருந்து தம்பி பிள்ளைகளை வளர்க்கட்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்து வைத்திருந்த நேரத்தில், போலீஸ் வேலைக்கு எழுதிப்போட்டு, ஓட்டப்பந்தயத்தில் தன்னைவிட இளையவர்களை முந்தி, வேலை வாங்கிக்கொண்டு போனவர். சாத்தூர், கோவில்பட்டி, தென்காசி என்று மாற்றிக்கொண்டே இருந்தார்கள். போன ஊரிலெல்லாம் ஒற்றை அறையில் ஒரு ஸ்டவ்வும் ஒரு டிரங்குப் பெட்டியுமாக வாடகைக்கு இருந்தார். அப்படி இருந்துகொண்டேதான் சம்பளத்தில் வீட்டுக் கடன் பிடிக்கச் சொல்லி, இராஜபாளையத்தில் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு போர்ஷன் கட்டினார். கொல்லையில் ஒரு தென்னையும் வைத்தார். ஊர் ஊராக வாடகை கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் சொந்த வீட்டு வாடகை எங்கே போனது என்பதுதான் நான் எழுத வந்தது.

அது சித்தப்பாவிடம் போனது. அவர் அங்கே ஒரு மில்லில் சூப்பர்வைசர். உள்ளூரிலேயே இருந்தார், ஆண்பிள்ளையாக இருந்தார். குடியிருந்தவர்களுக்கு அந்த இரண்டு தகுதியும் போதுமானதாக இருந்தது. வீட்டுக்காரர் என்றால் அவர்தான். அத்தை விடுப்பில் வந்து வாசலில் நின்றால், "வீட்டுக்காரரோட அக்கா வந்திருக்காக" என்று உள்ளே குரல் கொடுப்பார்கள். வாடகையைப் பற்றி அத்தை பேச்செடுத்தால் சித்தப்பாவிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். மோட்டார் எரிந்துவிட்டது, மேல்தளம் ஒழுகியது, வெள்ளையடித்தாயிற்று. "ஒனக்குத் தெரியாதுக்கா, வீட்ட வச்சுக் கட்டி மேய்க்கது எம்புட்டுக் கஷ்டம்னு." ஆனால் பொங்கலுக்குப் பொங்கல் தவறாமல் அக்காவுக்குச் சீர் கொண்டுபோய்க் கொடுப்பார். ஒரு சேலை, ஒரு கரும்புக்கட்டு, ஒரு சாக்குத் தேங்காய். அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்த்துவிட்டு, "தம்பின்னா இப்பிடி இருக்கணும்" என்பார்களாம். சேலை அத்தையின் வாடகையில் வாங்கியது. தேங்காய் அத்தையின் கொல்லைத் தென்னையில் காய்த்தது. ஒரு பெண்ணின் பணத்தை எடுத்து அவளுக்கே சீராகக் கொடுத்து நல்ல பெயரும் வாங்க முடியும் என்பதை எங்கள் வீட்டில்தான் பார்த்தேன். இன்றைக்கு எழுதும்போதும் பேனாவை அழுத்திப் பிடிக்கிறேன்.

இது வெறும் வாடகையோடு நின்றிருந்தால் ஆயிரம் குடும்பத்தில் நடப்பதுதான் என்று விட்டிருக்கலாம். சித்தப்பாவுக்கு ஒரு சின்ன லாரி வாங்க ஆசை வந்தது. வங்கியில் கடன் கேட்டபோது வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்த நகல்களைக் கேட்டார்கள். மில் சம்பளம் மட்டும் காட்டினால் கடன் தொகை குறையும். ஆகவே அத்தையின் வீட்டு வாடகையைச் சித்தப்பா தன் வருமானமாகத் தன் கணக்கில் காட்டினார். அதோடு அத்தையின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த வீட்டுக் கடனுக்கான வட்டியைத் தன் செலவாகக் கழித்தார். மோட்டார், பெயிண்ட், பிளம்பர் கூலி எல்லாவற்றையும் கூடச் சேர்த்துக் கழித்திருந்தார். அந்தக் கணக்கை எழுதிக்கொடுத்தவர் என் தொழிலில் இருப்பவர் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகம் வைத்திருக்கிறேன். எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் "வீடு யார் பேரில் இருக்கிறது" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. வேட்டி கட்டியவர் என் வீடு என்றார், இவரும் அப்படியே எழுதிவிட்டார்.

வாடகை விஷயத்தில் சட்டம் கேட்கும் முதல் கேள்வி, பணம் யார் கைக்குப் போனது என்பதல்ல, வீட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்பது. அவர் கணக்கில்தான் வாடகை ஏற வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து வாங்கிய வீடென்றால் அவரவர் பங்குக்குத் தக்கபடி. தம்பி வாங்கிச் செலவழித்தாலும், மகன் வாங்கி வைத்துக்கொண்டாலும், சொந்தக்காரரே மனம் ஒப்பி விட்டுக்கொடுத்தாலும் கணக்கு இடம் மாறாது. கணவன் தன் பணத்தில் வாங்கி மனைவி பேருக்கு எழுதி வைத்த வீடாக இருந்தால் மட்டும் வேறு. அப்போது பத்திரத்தில் யார் பேர் இருந்தாலும் வாடகை கணவனுடைய வருமானம். செலவு என்று கழிப்பதற்கும் வரம்பு உண்டு. அந்த ஆண்டு வாடகையிலிருந்து, சொந்தக்காரர் உண்மையில் கட்டிய நகராட்சி வீட்டு வரியை முதலில் கழிக்கலாம். மீதியில் நூற்றுக்கு முப்பதைப் பழுது, பராமரிப்பு எல்லாவற்றுக்குமாகச் சட்டமே ஒதுக்கிவிடுகிறது. வெள்ளையடித்தவருக்கும் அதே முப்பது, சுவர் உதிர்ந்து கிடப்பவருக்கும் அதே முப்பது. பெயிண்டுக்கும் பிளம்பருக்கும் தனியாகப் பில் நீட்ட இடமில்லை. கடன் வட்டி இருந்தால், கடன் வாங்கிய சொந்தக்காரர் கழித்துக்கொள்ளலாம். குடியிருப்பவர் கொடுத்த அட்வான்ஸ் திருப்பித் தர வேண்டிய பணம், அது வாடகையில் சேராது. இவ்வளவுதான். அம்மிக்கல் கொத்த வருகிறவருக்குக்கூடச் செத்த நேரத்தில் விளங்க வைத்துவிடலாம். விளங்க வேண்டியவர்களுக்கு விளங்கவேண்டாம் என்றிருப்பதுதான் சிக்கல்.

அத்தை ஓய்வு பெற்றார். வீட்டுக் கடன் அதற்கு முன்பே அடைந்திருந்தது. கீழ்ப் போர்ஷன் காலியாகும்போது தான் வந்து இருக்கப்போவதாகவும், மேல் வீட்டு வாடகையைத் தானே வாங்கிக்கொள்வதாகவும் தம்பியிடம் சொன்னார். சித்தப்பா சாவியைக் கொடுக்கவில்லை. வன்னியம்பட்டியில் குடும்பத்தைக் கூட்டினார்.

என் அப்பா அப்போது உயிரோடு இல்லை. அவருடைய பெரியப்பா மகன், எனக்குப் பெரியப்பா முறை, நடுவில் உட்கார்ந்தார். நெல்லும் பருத்தியும் போட்டுப் பழகியவர், கண்ணியமானவர் என்று பெயர் எடுத்தவர். சித்தப்பா தன் வருமான வரிக் கணக்கு நகல்களை அவர் முன் வைத்தார்.

"அண்ணே, இத்தன வருசம் அந்த வீட்டுக்கு வரி கட்டுனது நான். சர்க்காருக்கே தெரியும். அக்காவ நான் விட்டுக்குடுத்தேனா? ஒரு பொங்கலுக்குச் சீர் செய்யாம இருந்திருக்கேனா?"

பெரியப்பா அந்தத் தாள்களை எடுத்துப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அரசாங்கத்துக்குப் பணம் கட்டிய காகிதம் என்று தெரிந்தது. அங்கேதான் தப்பு நடந்தது. எங்களைப் போன்ற விவசாயக் குடும்பங்களில் ஒரு நிலம் யாருடையது என்ற பேச்சு வந்தால், தீர்வை ரசீது யாரிடம் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார்கள். வருடா வருடம் தீர்வை கட்டியவன் அனுபவத்தில் இருக்கிறான் என்று அர்த்தம். வருமான வரியையும் அவர் அந்தத் தீர்வையாகவே எடுத்துக்கொண்டார். ஒன்று மண்ணுக்குக் கட்டுவது, மற்றது தான் சம்பாதித்ததாக ஒருவன் சொல்லிக்கொள்வதற்குக் கட்டுவது என்று நான் சொல்லத் தொடங்கினேன். "நீ செத்த சும்மா இரு தாயி, பெரியவுக பேசுதோம்ல" என்றார்.

பிறகு தீர்ப்புச் சொன்னார். "வரி கட்டுனவனுக்குப் பாத்தியத இல்லைன்னு சொல்ல முடியுமாம்மா? கீழ நீ இருந்துக்க. மேல அவன் வச்சுக்கிடட்டும். ஒத்தப் பொம்பள, ஒனக்கு எதுக்கு ரெண்டு வீடு?"

அத்தை தன் பையில் பத்திரம் வைத்திருந்தார். கைப்பிடியில் விரல்கள் இறுகியிருந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதைக் காட்டச் சொல்லி அங்கிருந்த ஒருவரும் கேட்கவில்லை. அத்தையும் எடுக்கவில்லை. எழுந்து, "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். திருடனைத் துரத்திப் பிடித்தவர், கலவரத்தில் கல்லடி பட்டவர், தன் அண்ணன் தம்பிமாரிடம் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்ததை நினைத்து அன்று பஸ்ஸில் எனக்குத்தான் அழுகை வந்தது. அத்தை ஜன்னல் வழியே பருத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் என் அலுவலகத்துக்கு வந்தார். நாற்காலியில் உட்காராமல் போனை என் முன் நீட்டினார்.

"ஏட்டி, இதப் பாரு. நான் வாடக வாங்கிட்டு மறைச்சுட்டேனாம். எனக்கே மெசேஜ் அனுப்புதான். நானே எம்புட்டுப் பேரு பொய் சொல்லுததக் கேட்டவ. என்னையவே சந்தேகக் கேசு ஆக்கிட்டானுவ."

வருமான வரித் துறையிலிருந்து வந்த செய்திதான். அவருக்கு வாடகை வந்திருப்பதாகத் தகவல் இருப்பதாகவும், அவர் தாக்கல் செய்த கணக்கில் அதைக் காட்டவில்லை என்றும், சரிபார்க்கும்படியும் இருந்தது. மேல் வீட்டில் குடியிருந்த பள்ளி வாத்தியாருக்கு நான் போன் செய்தேன். சம்பளத்தில் வீட்டு வாடகைச் சலுகை கேட்பவர், வாடகை ஒரு அளவைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கொடுக்க வேண்டும். அவர் சித்தப்பாவிடம் கேட்டிருக்கிறார். சித்தப்பா கொடுத்தது அத்தையின் எண்.

"அவரு பான் குடுக்கலியா சார்?" என்று கேட்டேன்.

"நான் அவருததான் கேட்டேன் மேடம். வீடு எங்க அக்கா பேர்லல்லா இருக்கு, அவுக நம்பரப் போட்டுக்கோங்கன்னுட்டாரு. மூணாம் வருசமா அதத்தான் போடுதேன்."

போனை வைத்தேன். எல்லாம் ஒழுங்காகப் பொருந்தியது. லாரிக் கடன் அடைந்த பிறகு சித்தப்பா வாடகையைத் தன் கணக்கில் காட்டுவதை நிறுத்திவிட்டார். வருமானம் தேவைப்பட்ட வரையில் அவர் வீட்டுக்காரர். அது பாரமானதும் வீடு அக்காவுடையது. வாத்தியாரிடம் வீடு அக்காவுடையது என்று சொன்ன அதே வாயால்தான் வன்னியம்பட்டியில் வரி கட்டியவன் நான் என்றார். வாடகை மட்டும் எந்த வருடமும் தடம் மாறாமல் அவர் சட்டைப் பைக்கே போய்க்கொண்டிருந்தது.

அத்தையிடம் இருந்ததை இருந்தபடி சொன்னேன். பணம் தம்பி வாங்கியிருந்தாலும் வீடு உங்களுடையது, ஆகவே வருமானமும் உங்களுடையது, வரியும் உங்களுடையது. விட்டுப்போன ஆண்டுகளுக்குப் பின்னால் கணக்குத் தாக்கல் செய்ய வழி இருக்கிறது, தாமதத்துக்கு வட்டியும் கூடுதல் வரியும் சேரும் என்றேன். தன் கண்ணில் படாத பணத்துக்கு ஒரு பெண் வரியும் கட்டி, தாமதமாகக் கட்டியதற்குத் தண்டமும் கட்ட வேண்டும். சட்டம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வீட்டுக்குள் வந்து யார் யாரை ஏமாற்றினார்கள் என்று பார்ப்பதில்லை. தம்பி மேல் வழக்குப் போடலாம், வாங்கிய வாடகை முழுவதையும் கேட்கலாம் என்றேன்.

அத்தை இப்போதுதான் உட்கார்ந்தார். போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு கேட்டார்.

"நான் கட்டுனா, வீட்டுக்காரின்னு என் பேருதான வரும்?"

"உங்க பேருதான் அத்த."

"அப்பக் கட்டுவோம். கேசு பொறவு பாத்துக்கிடலாம். மொதல்ல என் பேரு நிக்கட்டும்." சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். "ஏட்டி, இன்னொண்ணு. அவன் பொங்கலுக்குக் குடுத்த சேல இருக்குல்லா, அதச் செலவுல கழிக்கலாமா?"

"முடியாது அத்த. சட்டத்துல முப்பது சதவீதந்தான்."

"போட்டும். சேலயும் நல்லாத்தான் இல்ல. ஒரு தண்ணிக்கே சாயம் போயிரும்."

இருவரும் சிரித்தோம். அத்தையின் கண் சிரிக்கவில்லை. அந்த ஆண்டுகளுக்கான கணக்கை நானே தாக்கல் செய்தேன். வாத்தியார் கொடுத்த வாடகை, கீழே குடியிருந்தவர் கொடுத்த வாடகை, அத்தை பேரில் ரசீது இருந்த வீட்டு வரி, முப்பது சதவீதம் என்று வரிசையாக ஏற்றினேன். ஓய்வூதியத்தில் சேர்த்துவைத்திருந்த பணத்திலிருந்து அத்தை வரியைக் கட்டினார்.

மறுபடியும் வன்னியம்பட்டியில் கூடினோம். இந்த முறை கூட்டச் சொன்னது அத்தை. வரி கட்டிய சீட்டுகளைப் பெரியப்பா முன் வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

"அண்ணே, வரி கட்டுனவுகளுக்குத்தான வீடுன்னு சொன்னிய. இந்தா, நான் கட்டிட்டேன். இவன் லாரிக் கடன் அடையுத வரைக்கும் கட்டுனான். பொறவு கட்டல. வாத்தியாருகிட்ட வீடு எங்க அக்காதுன்னு சொல்லி என் நம்பரக் குடுத்திருக்கான். வாடகையத் தின்னவன் கட்டல, திங்காதவ கட்டியிருக்கேன். இப்பச் சொல்லுங்க, யாரு வீடு?"

பெரியப்பா சித்தப்பாவைப் பார்த்தார். "அவ சொல்லுதது நெசமாலே?"

"அது... வீட்டுக்காரி பேரு வேணும்னாரு வாத்தியாரு, குடுத்தேன். அதுல என்னண்ணே இருக்கு?"

"வீட்டுக்காரி பேருன்னு நீயே சொல்லுதியேலே" என்றார் பெரியப்பா. அதற்கு மேல் அவருக்கு யோசிக்க எதுவுமில்லை. "வரி கட்டுனது தங்கச்சி. சாவியக் குடுத்துரு."

சித்தப்பா இடுப்பிலிருந்து கொத்தை எடுத்துப் பாயில் வைத்தார். கையில் கொடுக்கவில்லை. அத்தை குனிந்து எடுத்துக்கொண்டார். எல்லோரும் நியாயம் கிடைத்துவிட்டதாக முகத்தை வைத்துக்கொண்டு காப்பி கேட்டார்கள். நான் குடிக்கவில்லை. அன்று என் நாட்குறிப்பில் எழுதியதை இங்கே அப்படியே தருகிறேன்: அத்தை ஜெயித்தது தப்பான காரணத்துக்காக. பத்திரம் இன்றும் பையிலேயே இருந்தது. அவர் வாங்கிய மண், அவர் சம்பளத்தில் அடைத்த கடன், ஒற்றை அறை ஸ்டவ்வில் சமைத்துச் சாப்பிட்ட காலம், இதில் எதையும் ஒருவரும் கேட்கவில்லை. எந்தத் தவறான எண்ணத்தால் பாதி வீட்டைப் பிடுங்கினார்களோ, அதே தவறான எண்ணத்தால் திருப்பிக் கொடுத்தார்கள். நாளைக்கு வேறொருவன் வேறொரு ரசீதோடு வந்தால் மறுபடியும் பிடுங்குவார்கள்.

வெளியே வந்ததும் இதை அத்தையிடம் சொன்னேன். "எனக்கும் தெரியும்டி" என்றார். கொத்திலிருந்து விசிலை மட்டும் பிரித்தெடுத்து என் கையில் வைத்தார். "சாவி எனக்குப் போதும். இது ஒனக்குத்தான் வேண்டியிருக்கும். ஒன் ஆபீசுக்கு இவன மாதிரி எம்புட்டுப் பேரு வாரானுவளோ."

அத்தை இப்போது கீழ் வீட்டில் இருக்கிறார். மாதம் பிறந்ததும் வாத்தியார் இறங்கி வந்து அவர் கையில்தான் வாடகை கொடுக்கிறார். சித்தப்பா வாங்கித் தின்ற பழைய வாடகை வரவில்லை, வராது. பொங்கல் சீரும் நின்றுவிட்டது. தென்னை காய்க்கிறது.

விசில் என் மேசையில் பேப்பர் வெயிட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நேற்று சேத்தூரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கடை ஒன்றை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். பத்திரம் மனைவி பேரில். கணவர் முன்னாலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார், அந்த அம்மா பின்னால் நின்றார். எந்தப் பணத்தில் வாங்கியது என்று அந்த அம்மாவைப் பார்த்துக் கேட்டேன்.

"பேரு மட்டுந்தான் மேடம் இவ பேரு. இவளுக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் நாந்தான்" என்றார் கணவர்.

மறுபடியும் அந்த அம்மாவைப் பார்த்துக் கேட்டேன். மறுபடியும் அவரே வாயைத் திறந்தார். நான் விசிலை எடுத்து உதட்டருகே கொண்டுபோனேன். ஊதவில்லை. அவர் என்ன என்று புரியாமல் பேச்சை நிறுத்திவிட்டார்.

அந்தச் சின்ன அமைதியில் பின்னாலிருந்து குரல் வந்தது. "எங்கம்மா போட்ட நகைய வித்து வாங்குனது மேடம். நாந்தான் வித்தேன்."

விசிலைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன். சொந்தக்காரர் என்ற இடத்தில் தட்டச்சு செய்ய அவர் பேரைக் கேட்டேன்.